ஒன்று ஐம்பத்திரண்டு

காடிச் சாவியைத் தேடாதே, புவனேந்திரா.
சோபாவுக்கு அடியில் இல்லை.
உன் சட்டைப் பையில் இல்லை.
வினோஷா பாத்திரம் கழுவுகிற இடத்திலும் இல்லை.
அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்,
அடைகாக்கும் கோழி மாதிரி.

சிரி. நன்றாகச் சிரி.
சிரிப்பிலே கால் மணி நேரம் போனாலும் எனக்கு லாபம்தான்.

ஜெலுத்தோங்கிலிருந்து புக்கிட் மெர்தாஜாம் வரைக்கும்
"கண்ண மூடிக்கிட்டே போவேன்டா" என்கிறாய்.
எனக்கும் அதுதான் பயம்.
நாலே கிளாஸ் என்கிறாய்.
ஐந்தாவதை ஊற்றியவன் நான்,
எனக்குத் தெரியாதா?
இந்த மழையில் ரோட்பிளாக் போடமாட்டான்,
போலீஸ்காரன் நனையமாட்டான் என்கிறாய்.
நான் போலீஸ்காரனைப் பற்றிப் பேசவே இல்லையே.

கிராப் பார்த்தேன். நாற்பத்தெட்டு வெள்ளி.
"அநியாயம்லா" என்கிறாய்.
அந்தப் போத்தல் என்ன விலையென்று
நம்மில் ஒருவரும் கேட்கவில்லை.

மெத்தை இருக்கிறது.
விசிறி கொஞ்சம் கிறீச்சிடும், பொறுத்துக்கொள்.
சுகந்தினிக்கு நானே போன் அடிக்கிறேன்,
திட்டு மொத்தமும் எனக்கே வரட்டும்.
காலையில் ரொட்டி சானாய் என் கணக்கு.

இன்னமும் நிற்கிறாய்.
ஷூ போட்டாயிற்று.
ஒரு கை சுவரில்.
பிடிக்கவில்லை, சும்மா சாய்ந்திருக்கிறேன் என்கிறாய்.

சரி.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
வினோஷாவிடமும்.
(அடுப்படியில் குழாய்ச் சத்தம் நிற்கிறது.
பரவாயில்லை.)

ஆறு வருடம் முந்தி, செபராங் ஜெயாவில்,
அமிர்தநாதன் கல்யாணத்துக்கு முதல்நாள் ராத்திரி.
எனக்கும் நாலே கிளாஸ்தான்.
பாலத்தில் ஏறியது ஞாபகமில்லை.
முன்னால் லாரி போனதா, மழை பெய்ததா,
கடல் கறுப்பாக இருந்ததா,
ஒன்றும் இல்லை.
அத்தனை நீளப் பாலத்தை யாரோ
என் தலைக்குள்ளிருந்து கழற்றிக்கொண்டு
போய்விட்டார்கள்.
டோல் கணக்கில் மட்டும் இருந்தது:
ஒன்று ஐம்பத்திரண்டு.

விடிகாலையில் கீழே இறங்கிப் போனேன்.
இடப்பக்க விளக்கு உடைந்திருந்தது.
பம்பரில் ஒரு பள்ளம்,
சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு.
தூணா? நாயா? டோல் சாவடிக் கல்லா?
வாளியில் தண்ணீர் பிடித்து,
ஃபிளாட்டில் வேறெவரும் எழுவதற்குமுன்,
கழுவினேன்.
எதைக் கழுவுகிறேன் என்று பார்க்காமல்
முகத்தைத் திருப்பிக்கொண்டு கழுவினேன்.

மூன்று வாரம் பேப்பர் வாங்கினேன்.
தமிழ், மலாய்,
படிக்கத் தெரியாத சீனப் பேப்பரில் படங்கள் மட்டும்.
நாலு நம்பர் பார்ப்பவன் மாதிரி
மரண அறிவிப்புகளை விரல் வைத்துப் படித்தேன்.
ஒன்றும் இல்லை.
அதாவது, பேப்பரில் ஒன்றும் இல்லை.

"யாரையாச்சும் இடிச்சியாடா?"

இந்த ராத்திரியில் முதல் தடவையாக
உன் நாக்கு குழறவில்லை.

தெரியாது, புவன்.
இடித்திருந்தால் ஒரு ஜெயில் இருந்திருக்கும்,
மனசுக்குள் சொல்லிக்கொள்ள ஒரு பெயராவது.
இடிக்கவில்லையென்றால் தூக்கமாவது வரும்.
எனக்கு இரண்டும் இல்லை.
பாலத்தில் போகும்போதெல்லாம்
இடது ஓரத்து மோட்டார்களை எண்ணுகிறேன்,
ஒன்று குறைகிறதா என்று.

குழாய் மறுபடி திறக்கிறது.
வினோஷா வெளியே வரவில்லை.
மழை வேறு விட்டுவிட்டது,
அதுவும் உன் கட்சி.

நீ சுவரோடு சரிந்து
தரையில் உட்காருகிறாய்.
ஒரு ஷூவைக் கழற்றுகிறாய்.
இன்னொன்றைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாய்,
வெகுநேரமாக.

நான் எழுந்திருக்கவில்லை.